நல்ல பிள்ளைகளாகப் பார்த்து அனுப்பிய ஊர்

கண்ணாத்தாள் அக்காவோடு கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் முதலில் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். கேள்விகள் முடியும்வரை எந்த வீட்டிலும் காப்பி வாங்கிக் குடிக்கக் கூடாது. குடித்துவிட்டால் நாம் விருந்தாளி. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் விருந்தாளியிடம் யாரும் குறை சொல்வதில்லை. தண்ணீர் வருகிறதா என்றால் வருதுங்க. மருமகள் எப்படி என்றால் தங்கமுங்க. அந்த வீட்டில் இரண்டு அடுப்பு தனித்தனியாக எரிவது நம் கண்ணுக்கே தெரியும். நான் சேலம் அம்மாபேட்டைக்காரன். எங்கள் தெருவில் கேட்காமலேயே குறையைக் கொட்டுவார்கள். அதனால் இந்த மரியாதை எனக்குப் பிடிபடவே வெகுநாள் ஆயிற்று.

அக்கா பிறந்தது திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிற குடும்பத்தில். பி.காம். படித்தார். கல்யாணம் முடிந்து சங்ககிரிக்கு வந்தார். கணவர் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. பகலெல்லாம் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பற்பசை கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையில் சேர்ந்தார். அதன் பிறகு கழிப்பறை, கோழிப்பண்ணை, டிவி, தடுப்பூசி என்று அவர் கேட்காத கேள்வி இல்லை. ஸ்கூட்டர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஆள் மாறவில்லை. நான் அவர் கொண்டுவரும் பதில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவன். சில நாள் கூடவே போவேன்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. எல்லோரும் நல்லபடியாகப் பதில் சொல்லியிருந்தால் தலைவலி வந்துவிடும். மற்றவர்கள் அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று கிளம்புவார்கள். அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “பூபதி, எங்கயோ தப்பிருக்குது, மறுபடியும் போலாம் வா,” என்பார். அதற்காகவே பல கம்பெனிகள் அவரைக் கூப்பிடாமல் விட்டன. கூப்பிட்ட சிலர் அதற்காகவே மறுபடியும் கூப்பிட்டார்கள்.

அப்படிக் கூப்பிட்ட ஒரு வேலைதான் இது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு லாரி ஊர். பேரைச் சொல்ல மாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் பட்டதே போதும். அங்கே மாரியம்மன் நோம்பி, அதாவது கோவில் திருவிழாச் சமயத்தில், தேர் மீது கல் விழுந்தது என்று செல்போனில் ஒரு பொய்ச் செய்தி பரவியது. பொழுது சாய்கிற நேரத்தில் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு நாலைந்து பேர் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் டயர் கடைக்கு வந்தார்கள். ஒருவன் கையில் பெட்ரோல் கேன். கடைக்கு வெளியே கிடந்த பழைய டயர் குவியல் எரிந்தது. உள்ளே ஆள் இருந்தும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம் என்பதைவிட, அந்தக் கடைக்காரர் மகன் அஸாருதீனின் புத்தி என்றுதான் சொல்ல வேண்டும். ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்பக்கமாக எல்லோரையும் வெளியேற்றினான். பிறகு, திருப்பி அடிப்போம் என்று திரண்ட தன் தெருப் பையன்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்து நிறுத்தினான்.

வழக்குப் பதிவாகவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். முடித்தார்கள் என்பது நம் ஊரில் மூடினார்கள் என்று அர்த்தம். கேன் கொண்டுவந்தவன் யார் என்று கேட்கவில்லை. கேட்காத இடத்தில் வதந்தி முளைத்தது. டயர் கடைக்காரர்களே கொளுத்திக்கொண்டு பழியைத் தூக்கிப் போடுகிறார்கள் என்று டீக்கடைகளில் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருந்த எவனும் மறுத்துப் பேசவில்லை.

இதையெல்லாம் கேள்விப்பட்டு, சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. குறிவைத்துச் செய்கிற வன்முறையும் தீவிரவாதமும் தலையெடுக்கும் முன்பே தடுப்பது அவர்கள் வேலை. அந்தப் பாதைக்குப் போய்விடக்கூடிய இளைஞர்களாகப் பத்துப் பன்னிரண்டு பேரைக் கொடுங்கள், பேச்சு, பயிற்சி, விளையாட்டு எல்லாம் வைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறோம் என்றார்கள். பள்ளிவாசல் ஜமாத் செயலாளர் ஜாபர் பாயும், நோம்பிக் கமிட்டித் தலைவர் மருதாசலமும் பெயர்கள் கொடுத்தார்கள். மருதாசலம் லாரி வைத்திருப்பவர், ஊரில் பேச்சு எடுபடுகிற ஆள். மூன்று வருஷம் திட்டம் நடந்தது. முடிகிற நேரத்தில், பலன் என்ன என்று வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்குத்தான் அக்கா.

முதல் சுற்று முடிந்ததும் அக்காவுக்குத் தலைவலி வந்துவிட்டது. திட்டத்தில் இருந்த அத்தனை பையன்களும் ரத்ததானம் செய்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் மாற்று மதத்து நண்பன் இருக்கிறான். பொய்ச் செய்தியைப் பரப்புவதில்லை. கோபம் வந்தால் தண்ணீர் குடிக்கிறார்கள். சென்னை மேடம் போனில் சந்தோஷப்பட்டார். நானும், இந்தத் தடவையாவது சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அக்கா, கேள்வித்தாளில் இல்லாத ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் கிளம்பினார். திட்டத்தில் சேருவதற்கு முன்னால் இவன் எப்படி இருந்தான் என்பதுதான் அந்தக் கேள்வி.

எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்தது. முன்னாடியும் இப்படித்தானுங்க, ரொம்ப நல்ல பையனுங்க. ஒரு தாயார் கொஞ்சம் கோபப்பட்டே சொன்னார், எங்க பையன் என்னைக்குங்க கெட்டிருந்தான், திருந்தறதுக்கு? வாசலிலேயே நின்றிருந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கெட்டுப்போகக்கூடியவர்களைக் கேட்டால், ஊர் தன் மிகச் சிறந்த பையன்களைப் பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்கிறது. வெளியூரிலிருந்து ஆபீஸர் வந்து பிள்ளைகளைக் கேட்டால் முகம் கழுவித் தலை சீவி அனுப்புகிற பழக்கம், வேறென்ன? இருக்கிற நல்லவர்களை நல்லவர்களாகவே மூன்று வருஷம் காப்பாற்றியதுதான் அந்தத் திட்டத்தின் சாதனை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் ஷஹர்பானு வீட்டுக்குப் போனேன். அங்கே சிரிப்பு நின்றது.

ஷஹர்பானு அஸாருதீனின் அம்மா. கணவர் உடம்புக்கு முடியாமல் படுத்தபின் டயர் கடையை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கல்லாவிலும் உட்காருவார், டயர் பணத்துக்கு இழுத்தடிக்கும் லாரிக்காரர்களைப் போனில் விரட்டவும் செய்வார். அஸாருதீனுக்கு நாமக்கல்லில் ஒரு கேஸ் டேங்கர் கம்பெனியில் டிரைவர் வேலை கிடைக்கிற நிலையில் இருந்தது. புல்லட் டேங்கர் ஓட்ட வேண்டும் என்பது அவனுடைய சின்ன வயது ஆசை. வண்டி நிறைய எரிவாயு என்பதால், ஆள் எப்படிப்பட்டவன் என்று போலீஸ் எழுதிக் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள். விண்ணப்பத்தோடு திட்டத்தில் கொடுத்த சான்றிதழையும் வைத்திருக்கிறான், நன்னடத்தைக்கு அத்தாட்சியாக இருக்கட்டும் என்று. வன்முறை நாட்டத்திலிருந்து விடுபட்டு நல்வழிக்குத் திரும்பியவர் என்று அதில் பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தது. விழாவில் வாங்கியபோது எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். அர்த்தத்தை யார் படித்தார்கள்?

கம்பெனிக்காரர்கள் படித்தார்கள். போலீஸும் படித்தது. ஒன்றும் செய்யாதவன் எதற்காக இந்தத் திட்டத்தில் இருந்தான் என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். கூடவே அந்தப் பழைய டீக்கடை வதந்தியும் அவர் காதுக்குப் போயிருக்கிறது. எழுதிக் கொடுக்காமல் நிறுத்தி வைத்துவிட்டார்.

ஷஹர்பானு அழவில்லை. அக்காவை நேராகப் பார்த்துத்தான் பேசினார். “கொளுத்தினது எங்க டயர். திருப்பி அடிக்கப் போன பசங்களத் தடுத்தது எம் பையன். இப்ப திருந்தினவனும் அவனேதானாம். எழுதறவங்க நீங்கதானே? நீங்களே சொல்லுங்க, அவன் எதுலருந்து திருந்தினான்?”

வேலை ஒப்பந்தப்படி தனி ஆள் விவகாரத்தில் தலையிடக் கூடாது. அக்கா, தன்னால் எதுவும் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொன்னார். ஷஹர்பானு சரி என்றார்.

மறுநாள் ஜாபர் பாயைப் பார்த்தோம். பாத்திரக் கடை வைத்திருப்பவர், வெள்ளந்தியான மனுஷர். மறைக்கவே இல்லை. திட்டத்தில் சேர்ந்தால் சர்டிபிகேட் கிடைக்கும், வேலைக்கு உதவும் என்று நினைத்து, தங்கமான பையன்களாகப் பொறுக்கிக் கொடுத்தாராம். கெட்ட பையன் என்று எழுதிக் கொடுத்தால் அவனை நாளைக்கு யார் காப்பாற்றுவது என்றும் பயந்தாராம். பயம் நியாயமானது. பயந்தபடியே நடந்தது, நல்ல பையனுக்கு. மருதாசலமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஊர் மானம் என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார், எங்கள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். அவர் மனைவி சென்னியம்மாள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது, அந்தப் பையன் வேலை நின்றுபோச்சுங்களா என்று மட்டும் கேட்டார். ஆமாங்க என்றார் அக்கா.

திரும்பும் வழியில், கேன் கொண்டுவந்தவன் யார் என்று விசாரித்துப் பிடித்தால் அஸாருதீன் தப்பித்துவிடுவானே என்று நான் சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊராரிடம் பேர் கேட்டு வாங்கி அந்தத் திட்டம் கெடுத்தது போதாதா, தானும் ஒரு பேரைக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். தான் கேட்டால் தன்னிடம் சொல்வார்கள், அப்புறம் எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் தன்னிடம் வாய் திறக்க மாட்டாள் என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் சரியாக இருந்து என்ன பயன், பையன் வேலையில்லாமல் நிற்கிறானே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

சென்னை மேடம் நல்லவர்தான். பையன்கள் யாருமே கெட்டுப்போகிற நிலையில் இருந்ததில்லை என்று எழுதினால் மூன்று வருஷ உழைப்பும் வீண் என்றாகிவிடுமே என்று வருந்தினார். ஆனால் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அஸாருதீன் தவறுதலாகச் சேர்க்கப்பட்டவன் என்று எழுதிக் கொடுக்கவும் தயார், பேர் கொடுத்தவர்கள் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்ல வேண்டும் என்றார். எப்படியும் கடைசியில் ஊரைக் கூட்டி முடிவுகளைச் சொல்வது வழக்கம். அங்கேயே இதையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று.

கூட்டம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் வந்திருந்தன. அஸாருதீன் சுவரோரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அக்கா எழுந்து சுருக்கமாகச் சொன்னார். “பசங்க நல்லவங்களா வந்தாங்க, நல்லவங்களாவே போறாங்க. இந்தத் திட்டம் அவங்கள மாத்துலீங்க. மாத்தறதுக்கு அவங்ககிட்ட ஒண்ணுமில்லீங்க.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ஜாபர் பாய் எழுந்து, கெட்டவனைக் கேட்டதற்கு நல்லவனைக் கொடுத்தது தன் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். மருதாசலமும் உட்கார்ந்தபடியே தலையாட்டினார். அத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். இன்ஸ்பெக்டர் முடிய விடவில்லை. கெட்ட மனுஷர் இல்லை அவர், கேள்வி கேட்பது அவர் தொழில். இவன் நல்லவன் என்று நீங்கள் எல்லோரும் இன்று சொல்கிறீர்கள், மூன்று வருஷத்துக்கு முன்னால் கெட்டுப்போகக்கூடியவன் என்று எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான், எந்த வார்த்தையை நான் நம்புவது என்றார். தங்கள் டயரைத் தாங்களே கொளுத்தினார்கள் என்று ஊரில் பேச்சு இருக்கிறது, அது பொய் என்று எதை வைத்து எழுதுவது என்றும் கேட்டார்.

ஜாபர் பாய் மருதாசலத்தைப் பார்த்தார். மருதாசலம் தரையைப் பார்த்தார். அஸாருதீன் எழுந்து போய்விடலாம் என்பதுபோல் அம்மாவின் கையைத் தொட்டான். ஷஹர்பானு அசையவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சென்னியம்மாள் எழுந்தார். புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, கணவர் பக்கமே திரும்பாமல் இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசினார். “அவிய கொளுத்துலீங்க சாமி. கேன் கொண்டுட்டுப் போனது எம் பையன் ஜெகதீஸ்வரனுங்க. அன்னைக்கு அவன் சட்டைய நாந்தான் தொவைச்சேன். தொவைச்சும் வாசம் போகலீங்க.”

மருதாசலம் எழுந்து, உட்காரு என்றார். சத்தம்கூடப் போடவில்லை. சென்னியம்மாள் உட்காரவில்லை. திட்டத்துக்குப் பேர் கேட்டபோது தன் பையன் பேரைக் கொடுக்கச் சொல்லிக் கணவரிடம் கேட்டதாகவும், நாலு நல்ல வார்த்தை காதில் விழுந்தால் திருந்துவான் என்று கெஞ்சியதாகவும், ஊர் மானம் என்று சொல்லி அவர் கொடுக்கவில்லை என்றும் சொன்னார். எல்லாவற்றையும் ஒப்பிப்பதுபோல் சீராகச் சொல்லிவிட்டு, கடைசியில் அஸாருதீனைக் கை காட்டினார். “அந்தப் பையன் எம் பையனோட எடத்துல உட்கார்ந்திருக்கறானுங்க. அவன எந்திரிக்கச் சொல்லுங்க சாமி,” என்றார்.

கூட்டத்தில் எத்தனையோ பேர் அழுததாகப் பிறகு சொன்னார்கள். நான் யாரையும் கவனிக்கவில்லை. என் கண்ணே சரியாகத் தெரியவில்லை. ஷஹர்பானு எழுந்து வந்து சென்னியம்மாளுக்குப் பக்கத்தில் நின்றார். கட்டிப்பிடிக்கவோ ஆறுதல் சொல்லவோ இல்லை. கூட்டம் முடியும்வரை பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் ஜெகதீஸ்வரனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் இல்லையென்று மறுக்கவில்லை. டயர் கடைத் தரப்பில் புகார் கொடுக்க விருப்பமில்லை என்று ஷஹர்பானு எழுதிக் கொடுத்துவிட்டதால், எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அஸாருதீனுக்கு வேண்டிய காகிதம் அந்த வாரமே கிடைத்தது. பொன்னெழுத்துச் சான்றிதழைத் தொண்டு நிறுவனம் திரும்ப வாங்கிக்கொண்டது.

மண்டபத்து வாசலில் சென்னியம்மாள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வியை நான் இன்னும் சொல்லவில்லை. இனிமேலாவது என் பையனை அந்தத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டார். திட்டம் அந்த மாதத்தோடு முடிகிறது என்று அக்கா சொல்ல வேண்டியிருந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக ஊர் ஊராகக் கேள்வி கேட்டு அலைந்தவர், ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவ்வளவு தடுமாறி நான் பார்த்ததில்லை.

அறிக்கையில் அக்கா நிறைய எழுதவில்லை. திட்டம் உதவ வேண்டிய ஆள் அந்த ஊரில் இருந்தான் என்றும், அவனை அவன் தாய் அனுப்பத் தயாராக இருந்தாள் என்றும், அவளிடம் யாரும் கேட்கவில்லை என்றும் எழுதினார். அடுத்த முறை தலைவர்களிடம் பேர் கேட்காமல், தாய்மார்கள் தாமாக வந்து சொல்ல ஒரு வழி வையுங்கள், வருகிற பையனுக்குச் சான்றிதழ் எதுவும் கொடுக்காதீர்கள் என்றும் எழுதினார். மேடம் படித்துவிட்டு நன்றி சொன்னார். மறுபடியும் பணம் வருமா, திட்டம் தொடருமா என்பது அவருக்கும் தெரியாது.

ஜெகதீஸ்வரன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து அந்த ஆட்களோடு வடக்கே போய்விட்டான். போகும்போது அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மருதாசலம் வீட்டில் பேசுகிறார், ஆனால் மனைவி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இதெல்லாம் எங்களுக்குச் சங்ககிரி வழியாக வந்த செய்தி. கேட்டதிலிருந்து அக்காவுக்கு மனசு ஆறவில்லை. முடிந்த வேலைக்குத் திரும்பப் போன் செய்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. ஆனாலும் ஒருநாள் மதியம் என் எதிரிலேயே சென்னியம்மாளுக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

பையன் பேசினானா என்று அக்கா கேட்டார்.

“பேசறதில்லீங்க. நாங் கூப்புட்டா கட் பண்ணிப் போடறான்,” என்றார் சென்னியம்மாள். பிறகு, “அந்தப் புள்ளை டேங்கர் ஓட்டப் போகுதுங்களா?” என்று கேட்டார்.

போகிறான், போன வாரம்தான் முதல் லோடு எடுத்தான் என்று அக்கா சொன்னார்.

“போகுட்டுங்க. ஷஹர்பானு அக்காகிட்ட, நாங் கேட்டன்னு சொல்லுங்க. எம் பையன் எங்கிட்டப் பேசாட்டிப் போறான். கட் பண்றதுக்காச்சும் போனைக் கையில எடுக்கறானில்லீங்க, உசுரோட இருக்கறான்னு தெரிஞ்சுக்கறேன். தெனமும் கூப்புடறது அதுக்குத்தானுங்க.”